களம்

பத்தொன்பது நாள் கல் பொறுக்கினோம்.
அச்சிலிருந்து அரிவாள் நீட்டிய தேர்
சின்ன மேட்டில் ஏறினாலும் சாய்ந்து
தன் குதிரையின் காலையே அறுத்துவிடுமாம்.

களம் சமன் செய்ய வா என்று ஆள் வந்தபோது
கதிரடிக்கத்தான் என்று நினைத்தாள் பிரிக்கா.
'வாற்கோதுமை அறுத்து நாலு மாதமாயிற்றே,
இனி எதை அடிக்கப் போகிறார்கள்?' என்றாள்.

எங்கள் ஊருக்கு ஒட்டகத்தின் வீடு என்று பேர்.
நான் பிறந்ததிலிருந்து ஒரு ஒட்டகமும் தங்கியதில்லை.
இப்போது எண்ணமுடியாத ஒட்டகங்கள்.
கிணறு வற்றியது.

கண்காணி பகபாத்தா
கயிற்றின் இரு முனையிலும் ஆளை நிறுத்தி
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பான்.
'அங்கே ஒரு விரல் மேடு.'
வெட்டுவோம்.
'இங்கே இரண்டு விரல் பள்ளம்.'
கொட்டுவோம்.
கெட்டவன் இல்லை. மதியத்தில்
தன் பங்குப் பேரீச்சம்பழத்தில் பாதியை
பேசாமல் என் பக்கம் தள்ளிவிடுவான்.
சூசாவில் மகளுக்குக் கல்யாணம், குளிருக்கு முன்.

என் நிலமும் அந்த வெளிக்குள்தான்.
என் அப்பாவும் அவர் மாமனும்
பேச்சை முறித்துக்கொண்டு
பேசாமலே செத்துப்போன வரப்பு:
அதை நானே வெட்டினேன்.
அரைநாள் வேலைகூட இல்லை.
எதிர்ப்பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தவன்
மாமன் பேரன் ஷம்ஷாய்.
நடுவில் மண்வெட்டிகள் இடித்துக்கொண்டன.
சிரித்துவிட்டோம்.

முழுநிலா அன்று
நிலா செம்புச்சட்டியின் அடிபோல் ஆனது.
கூடாரங்களில் ஒரே கூச்சல்.
பாபிலோனில் இதைக் களிமண்ணில் எழுதிவைக்கவே
ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்றான் ஷம்ஷாய்.
கண்காணி அண்ணாந்து பார்த்தான், வெகுநேரம்.
'நாளைக்குத் தென்மூலை' என்றான்.

பதினோராம் நாள்
ஆட்டுப்பட்டிக்குள் பதுங்கிக்கிடந்து பார்த்தோம்.
பார்த்தோம் என்பது பொய்.
பத்தொன்பது நாள் நாங்கள் பொடித்த மண்
எழுந்து நின்றது, அவ்வளவுதான்.

அதற்குள் தேர்கள் ஓடும் சத்தம்
ஒருமுறை கேட்டது.
எங்குமே தடங்காத சத்தம்.
'நம்ம வேலை' என்றான் ஷம்ஷாய், மெல்ல.

பிறகு கேள்விப்பட்டோம்:
மேற்கிலிருந்து வந்தவர்களின் அணி
கதவைப்போல் திறந்து வழிவிட்டதாம்.
தேர்கள் நேராகப் போய்,
போய்க்கொண்டே இருந்து,
அறுக்க ஒன்றும் இல்லாத இடத்தில்
நின்றனவாம்.
திறந்த கதவைத் தாண்டி அவர்கள் குதிரைகள் வந்தன.
அவையும் இடறவில்லை.

மன்னர் போன திசையில்
ஒற்றைக் கோடாய்ப் புழுதி.
தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து
எங்கள் தானியத்தை அளந்த வீடு
அந்தக் கோட்டின் நுனியில் இருந்தது.
பிறகு இல்லை.

நாலாம் நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கினோம்,
என் ஆட்டைத் தேடி.
ஒரு தேரின் அரிவாள் கிடைத்தது.
கூர் மழுங்கவே இல்லை.
கண்காணியின் கயிறும் கிடைத்தது,
முடிச்சு அவிழாமல்.
அவனைத் தேடவில்லை.
முகங்களைப் புரட்டிப் பார்க்கும் தைரியம்
எனக்கு வரவில்லை.

மழை வந்தது.
புது ஆள் வரி கேட்டு வருமுன்
விதைத்தாக வேண்டும்.
வரப்பு எங்கே இருந்ததென்று
எனக்கும் தெரியவில்லை, ஷம்ஷாய்க்கும் தெரியவில்லை.
நம் கை அவ்வளவு சுத்தம்.

கயிற்றின் ஒரு முனையை அவன் பிடித்தான்.
மறுமுனையை நான்.
ஒற்றைக் கண்ணை மூடினான்.
'ஒரு விரல் என் பக்கம் வந்திருக்கிறாய்' என்றான்.
'இரண்டு விரல்
நீ' என்றேன்.